தேவரகாடும் காப்பித் தோட்டமும் – காவேரி பிறக்கும் நாட்டில் நான் கற்ற பாடம்

துலா ஸ்நானம் என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு மாயவரமும் அங்குள்ள துலாக்கட்டமும்தான் நினைவுக்கு வரும். என் தாயார் உடம்பில் தெம்பு இருந்தவரை ஐப்பசி மாதத்தில் ஒரு நாளாவது அங்கே போய் முழுக்குப் போடாமல் இருந்ததில்லை. 1978இல் வங்கி உத்தியோகத்தில் எனக்குக் குடகு ஜில்லாவுக்கு மாற்றல் வந்தபோது, "காவேரி பிறக்கிற ஊருக்கே போகிறாய், கொடுத்து வைத்தவன்டா நீ" என்று பூரித்துப் போனாள். அந்த ஊரில் நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் அவளிடம் கடைசி வரை சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால், குடகில் கோயில் காடுகளின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் என் தவறும் புரியாது.

தேவரகாடு

குடகில் ஏறக்குறைய ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தேவரகாடு உண்டு. தேவர் என்றால் கன்னடத்தில் தெய்வம். தெய்வத்துக்கு விட்ட காடு அது. ஐயப்பன், பகவதி, பத்ரகாளி, ஈச்வரன் என்று ஊருக்கு ஊர் தெய்வம் மாறும். பல காவுகளில் கோபுரமோ விமானமோ கிடையாது. ஒரு கல் மேடை, அதைச் சுற்றி வானத்தை மறைக்கும் மரங்கள், அவ்வளவுதான். நம் பக்கத்தில் ஐயனாருக்கு மண் குதிரை செய்து வைப்பதுபோல, குடகில் வேட்டைக்காரத் தெய்வமான ஐயப்பனுக்கு மண்ணால் செய்த நாய் பொம்மைகளைக் காணிக்கையாக வைப்பார்கள். முதன்முதலில் அந்த நாய்களின் வரிசையைப் பார்த்தபோது எனக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

காவுக்குள் கோடாலி போகக் கூடாது என்பது பொது விதி. கட்டுப்பாடு மிகுந்த ஊர்களில் விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூட எடுக்க மாட்டார்கள். காவையும் அதன் திருவிழாவையும் கவனித்துக்கொள்ளப் பரம்பரையாகத் 'தக்கர்' என்ற பொறுப்பில் ஒரு குடும்பம் இருக்கும். எந்த மரம் எங்கே நிற்கிறது, எல்லை எதுவரை என்பதெல்லாம் தக்கருக்கு மனப்பாடம்.

இந்தக் காவுகளை வெளியுலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியாகப் பொறுப்பேற்றவர். 1897இல் வெளியான தமது 'இந்தியன் ஃபாரஸ்ட்ரி' நூலில், நாட்டின் ஏறக்குறைய எல்லா மாகாணங்களிலும் தெய்வக் காடுகளைத் தாம் கண்டதாகவும், குடகின் தேவரகாடுகள் அவற்றில் ஒரு வகை என்றும் குறித்திருக்கிறார்.

இன்று குடகில் கணக்கில் உள்ள காவுகள் 1,214. ஜில்லாவின் பரப்பு சுமார் 4,100 சதுர கிலோமீட்டர். அதாவது மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்கு ஒரு காவு. இவ்வளவு நெருக்கமாகத் தெய்வக் காடுகள் அமைந்த இடம் உலகத்தில் அபூர்வம்.

நிழலை வெட்டியவர்கள் பட்ட பாடு

குடகு 1834இல் சிக்கவீர ராஜேந்திரனிடமிருந்து கம்பெனியின் கைக்குப் போனது. அந்தக் கதையைத்தான், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து கன்னடத்தில் எழுதிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் நாவலாக்கினார். அதற்கு இருபது வருஷம் கழித்து, 1854இல், மடிக்கேரிக்குப் பக்கத்தில் முதல் ஐரோப்பியக் காப்பித் தோட்டம் எழுந்தது. லாபம் வருகிறது என்று தெரிந்ததும் துரைமார்கள் வரிசையாக வந்து மலைகளை விலைக்கு வாங்கினார்கள். காட்டை அடியோடு வெட்டி, கொளுத்தி, வெட்டவெளியில் காப்பிச் செடியை வரிசையாக நட்டார்கள். வெயில் நிறையப் பட்டால் காய் நிறையக் காய்க்கும் என்பது அவர்கள் கணக்கு.

முதல் சில வருஷங்கள் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. 1860களில் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு கிளம்பியது. தாய் வண்டு செடியின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். வெளிவரும் புழு தண்டுக்குள் சுரங்கம் தோண்டும். செடி வாடிச் சாயும். குடகுத் தோட்டங்கள் பலவும் இந்த வண்டினால் நாசமாயின. விஷயத்தை விசாரிக்கச் சென்னை அரசாங்கம் 1867இல் ஜார்ஜ் பிடி என்ற மருத்துவரை அனுப்பியது. பிற்பாடு எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவரும் இவர்தான். அவருடைய அறிக்கை 1869இல் சென்னையில் அச்சாயிற்று.

நிழலை நீக்கியது வண்டு பெருகியதற்கு முக்கியமான ஒரு காரணம், தோட்டங்களில் மறுபடி மரம் வளர்க்க வேண்டும் என்பது பிடியின் முடிவின் சாரம். வெயில் படும் தண்டுகளைத்தான் இந்த வண்டு தேடிப்போய் முட்டையிடுகிறது என்பது இன்று காப்பி விவசாயத்தில் பாலபாடம். குடகில் காப்பி மரநிழலில் வளரும் பயிராக நிலைத்ததற்கு இந்த அடியும் ஒரு காரணம். காட்டை வெட்டி நட்ட பயிர், தான் பிழைக்க மறுபடி மரத்திடமே போக வேண்டியிருந்தது.

மரங்கள் செய்யும் ஊழியம்

குடகுத் தோட்டத்தில் மரங்கள் இரண்டு அடுக்காக நிற்கும். மேலே ஈட்டி, அயனி, கருங்குங்கிலியம், அத்தி, இச்சி போன்ற நாட்டு மரங்கள். கீழே கல்யாண முருங்கை. அதற்கும் கீழே காப்பிச் செடி. மரங்களின் மேல் மிளகுக்கொடி ஏறியிருக்கும். ஒரே ஏக்கரில் காப்பிக்கும் மிளகுக்கும் மரம் துணை நிற்கிறது. கோடையில் நிழல் தந்து மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. உதிரும் சருகு மக்கி உரமாகிறது. ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மேற்குச் சரிவுகளில் அந்தச் சருகுப் போர்வைதான் மழையின் வேகத்தைத் தணித்து, தண்ணீரை மண்ணுக்குள் இறங்க வைக்கிறது. மேட்டு நிலத்துக் காட்டின் தழையும், மாட்டுக் கொட்டிலில் அது சாணத்தோடு சேர்ந்து ஆன எருவும் பள்ளத்து நெல் வயலுக்குப் போகும். நம் தஞ்சாவூர் மிராசுதார்கள் தழை உரம் போட்ட முறைதான் இது.

தேவரகாடு இதில் எங்கே வருகிறது? நான் மிகத் தாமதமாகத் தெரிந்துகொண்டது இதைத்தான். குடகில் பெருவாரியாகப் பயிராகும் ரொபஸ்டா காப்பி தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. வேறு செடியின் மகரந்தம் வேண்டும். காற்றும் தேனீக்களும்தான் அதைக் கொண்டு சேர்க்கின்றன. மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தால் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் மல்லிகைபோல வெள்ளையாகப் பூத்துவிடும். சில நாட்களுக்குள் பூ வாடிவிடும். அந்தச் சில நாட்களில் வேலையை முடிக்கும் கூட்டத்தில் பெரியது மலைத்தேனீ. அது கூடு கட்டுவது வானளாவிய மரங்களின் கிளைகளில். அப்படிப்பட்ட மரங்கள் பல ஊர்களில் தேவரகாட்டில்தான் மிஞ்சியிருக்கின்றன. பூக்காலம் முடிந்த பிறகு தேனீக்களுக்கும் பறவைகளுக்கும் ஆகாரம் கொடுப்பதும் காவின் மரங்கள்தான். அத்திப்பழம் தின்னும் பறவையும் வௌவாலும் விதையைத் தோட்டத்தில் போடுகின்றன; அங்கே மரம் முளைக்கிறது.

உபகாரம் ஒரு பக்கமாக மட்டும் இல்லை. ஒரு காவின் சராசரிப் பரப்பு ஐந்து ஏக்கருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்தச் சின்னத் திட்டு தனித்து நின்றால் நாளடைவில் நலிந்துபோகும். சுற்றிலும் மர நிழல் உள்ள தோட்டங்கள் இருப்பதால்தான் பறவைகளும் தேனீக்களும் ஒரு காவிலிருந்து இன்னொரு காவுக்குப் போய் வருகின்றன. காவு தோட்டத்தைக் காக்கிறது. தோட்டம் காவைக் காக்கிறது. பொன்னம்பேட்டை வனவியல் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் 2000க்குப் பிறகு மரம், பறவை, காளான் என்று தனித்தனியே எண்ணிப் பார்த்து, காவையும் தோட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

15,506 ஏக்கர், 6,299 ஏக்கர் ஆன கதை

இவ்வளவு உபகாரம் செய்யும் காவுகளின் கதி என்ன? 1996இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட எம். ஏ. கலாம் அவர்களின் ஆய்வு இரண்டு எண்களைத் தருகிறது. 1873இல் குடகின் தேவரகாடுகளின் மொத்தப் பரப்பு 15,506 ஏக்கர். 1985இல் 6,299 ஏக்கர். ஐந்தில் மூன்று பங்கு போயே போய்விட்டது.

ஜனங்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். குடகில் இருந்தவன் என்ற முறையில் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். திருவிழா நிற்கவில்லை, காணிக்கை நிற்கவில்லை. மாறியது பொறுப்பு. வனத்துறையின் பார்வையில் இருந்த காவுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருவாய்த் துறை வசம் போயின. 1985இல்தான் மறுபடி வனத்துறைக்கு வந்தன. காட்டை நிலமாக மட்டும் பார்க்கும் பதிவேடுகளில் அது பல காலம் கிடந்தது. காவு தெய்வத்துக்குச் சொந்தம் என்று ஊர் சொன்னது. சர்க்காருக்குச் சொந்தம் என்று காகிதம் சொன்னது. தக்கருக்குத் தடுக்கச் சட்டப்படி அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவருக்கு எல்லை தெரியாது. இந்த இடைவெளிக்குள் காப்பிச் செடி ஓரம் ஓரமாக நுழைந்தது.

தோட்டத்து மரத்துக்கும் இதே கதிதான். 'பாணெ' என்று வழங்கும் பல நிலங்களில் நிலத்தை அனுபவிப்பவர் குடியானவர். நாட்டு மரத்தின் மேல் உரிமை சர்க்காருக்கு. சொந்த நிலமானாலும் ஈட்டி மரம் ஒன்றை வெட்ட அனுமதிக்கு அலைய வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை வெட்டவோ, 1976ஆம் வருஷத்திய கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதி வேண்டாம். அது நேராக, வேகமாக வளரும்; மிளகுக்கொடியும் ஏறும்; வேண்டும்போது விற்கலாம். குடியானவர் எதை நடுவார்? நாட்டு மரத்தைக் காப்பாற்றப் போட்ட விதியே, அதை நடுவதற்கு ஆளில்லாமல் செய்துவிட்டது.

நான் போட்ட கையெழுத்து

இனி என் விஷயம். 1975இல் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பி அழிந்ததில் உலகமெங்கும் விலை ஏறியிருந்த சமயம் அது. தோட்டத்தை விஸ்தரிக்கக் கடன் கேட்டு வருகிறவர்கள் அதிகம். விண்ணப்பங்களைப் பரிசீலித்து, தோட்டத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. எங்கள் படிவத்தில் செடிக்கு ஒரு பத்தி, கிணற்றுக்கு ஒரு பத்தி, களத்துக்கு ஒரு பத்தி உண்டு. நிற்கும் நாட்டு மரத்துக்குப் பத்தி கிடையாது. சில்வர் ஓக் நட்டிருந்தால் மட்டும் 'அபிவிருத்தி' என்று எழுதுவோம்.

1979இல் ஒரு விண்ணப்பம். தோட்டத்தின் கிழக்கு மூலை தேவரகாட்டை ஒட்டியிருந்தது. நான் பார்த்துவிட்டு வந்த மறுநாள், அந்தக் காவின் தக்கர் கிளைக்கு வந்தார். எழுபது வயதிருக்கும். நான் உட்காரச் சொன்னேன், நின்றபடியே பேசினார். "சார், அந்த மூலை காவைச் சேர்ந்தது. எங்கள் அப்பா காலத்திலிருந்து அத்தி மரம்தான் எல்லை. மரத்தை வெட்டிவிட்டால் எல்லை எது என்று நாளைக்கு யார் சொல்வது?"

"ரெவின்யூ ரிக்கார்டில் ஆட்சேபணை எதுவும் இல்லையே, ஐயா. வங்கிக்கு அதுதான் ஆதாரம்" என்றேன். அவர் என் மேஜை மேல் இருந்த காகிதங்களைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அன்றைக்கு ஒரு ஜீப் எடுத்துக்கொண்டு போய், நில அளவையாளரை வைத்து எல்லையைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். நான் செய்யவில்லை. கடன் பட்டுவாடா ஆயிற்று. அடுத்த ஆய்வுக்குப் போனபோது அத்தி மரம் இல்லை. அதன் கிளைகளில் நான் முதல் தடவை எண்ணிய பதினோரு தேனடைகளும் இல்லை. இரண்டடி உயர சில்வர் ஓக் கன்றுகள் வரிசையாக நின்றன. 'முன்னேற்றம் திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடன் வட்டியோடு தவணை தவறாமல் அடைந்தது. வங்கிக் கணக்கில் அது ஒரு நல்ல கடன்.

ஓய்வு பெற்ற பிறகு, 2014இல் தலைக்காவேரி யாத்திரை போனபோது அந்த ஊருக்கும் போனேன். தக்கர் காலமாகியிருந்தார், அவர் பேரன் காவைக் காட்டினார். கிழக்கு எல்லை எது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தாத்தா சொன்னது அப்படியே பலித்திருந்தது. காவுக்குக் கீழே நெல் வயலுக்கு வரும் ஊற்று, முன்பெல்லாம் கோடையிலும் கசியுமாம். இப்போது பங்குனியிலேயே நின்றுவிடுகிறது என்றார். அந்த மூலையில் போன மரங்கள்தான் காரணம் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

நாம் செய்யக்கூடியது

2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது தலைக்காவேரி வட்டாரமும் அதில் சேர்ந்தது. 2018 ஆகஸ்டில் அதே குடகில் மலைகள் சரிந்து உயிர்கள் போயின. 2020 ஆகஸ்டில் தலைக்காவேரியிலேயே மண் சரிந்தது. 2018இல் நடந்ததற்குக் கனமழையோடு, வீட்டுக்கும் சாலைக்கும் சரிவுகளை வெட்டியதும் காரணம் என்று நில இயல் வல்லுநர்கள் சொன்னார்கள். எல்லாவற்றையும் மரம் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரிவைப் பிடித்து நிற்கும் வேரை எடுத்துவிட்டு, ஆண்டுதோறும் காவேரிக்கு ஆரத்தி மட்டும் எடுத்தால் போதாது என்பது எனக்குத் தெரிகிறது.

நம் உறுப்பினர்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். மகாராஷ்டிரத்தில் இருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே 'தேவராய்' இருக்கும். 1970களில் மாதவ் காட்கிலும் வர்தக்கும் ஊர் ஊராகப் போய் அவற்றைப் பதிவு செய்தார்கள். ராஜஸ்தானத்தில் 'ஓரண்', கேரளத்தில் 'காவு', மேகாலயத்தில் மாஃப்லாங் காடு என்று பெயர்தான் மாறும். விடுமுறையில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். அங்குள்ள பெரியவர்களிடம் எல்லை எது என்று கேளுங்கள்.

சொந்த ஊரிலும் ஒரு காரியம் உண்டு. கும்பாபிஷேகத்துக்கு நாம் தாராளமாகப் பணம் அனுப்புகிறோம். அடுத்த தடவை நன்கொடையோடு ஒரு கேள்வியையும் அனுப்புங்கள்: கோயிலின் நந்தவனமும் கோயில் காடும் எந்த சர்வே எண்ணில் இருக்கின்றன, இப்போது எத்தனை சென்ட் மிஞ்சியிருக்கிறது, ஸ்தல விருட்சத்தைச் சுற்றி சிமெண்ட் போட்டிருக்கிறார்களா? பதில் வந்தால் எழுதி வையுங்கள். இந்த விஷயத்தில் பக்தியைவிட முதலில் வேண்டியது பதிவு. எல்லை தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே, எல்லைக்கல் நட்டு, அளந்து, ஊரார் நாலு பேர் கையெழுத்தோடு கோயிலிலும் கிராம அலுவலகத்திலும் ஒவ்வொரு பிரதி வைத்துவிட வேண்டும்.

அன்று என் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற பெரியவர் கேட்டது அதைத்தான். அவர் என்னிடம் மரத்தைக் காப்பாற்றிக் கொடு என்று கேட்கவில்லை. எல்லையை எழுதி வை என்று கேட்டார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. நீங்களாவது கேட்டுக்கொள்ளுங்கள்.